மட்டாஞ்சேரியில் ஒரு சிறு சமுத்திரம்

மட்டாஞ்சேரி பஜார் வீதியிலுள்ள பழைய மிளகு, சுக்குப் பண்டகசாலைகளின் பின்புறம் வந்து மோதுகின்ற நீரைக் கடல் என்றே நம்பி, அதில் நாலு குடம் முகந்து கண்ணாடித் தொட்டியில் ஊற்றினால் கடல்மீன் வளர்த்துவிடலாம் என்று எண்ணுகிறவர் இருப்பாரானால், அவருடைய உற்சாகத்தை மதித்துக்கொண்டே, அந்த நீரின் சுபாவத்தை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேம்பநாட்டுக் காயலின் வாயிலில் அமைந்த கொச்சித் துறைமுகத்து நீர், கோடையில் கடலை ஒத்த உவர்ப்புடன் இருந்து, இடவப்பாதி மழை இறங்கிப் பெரியாறும் மூவாற்றுப்புழையாறும் பெருகுகின்ற ஆனி, ஆடி மாதங்களில் மேற்பரப்பில் ஏறக்குறைய நன்னீராகவே மாறிவிடும். பவளப்பூச்சியோ, லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள, தெளிந்த, மாறுதல் குறைந்த நீரை நாடும் பிராணி. 1341-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பெரியாறு பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்துக் கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஊரை உண்டாக்கிய அந்த ஆறும் அதன் வண்டலுமே இக்கரையில் பவளப்பாறை வளர இடங்கொடாமல் செய்கின்றன. பவளப்பாறையைக் காண விரும்புகிறவர் அனுமதிச் சீட்டுப் பெற்று, கப்பலேறி, 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இலட்சத்தீவுகளுக்குச் செல்ல வேண்டும்.

கடலோரத்தில் பிறந்தும் கடலடியிலுள்ள உலகத்தைக் கண்ணால் காணாமலே முதுமையடைகிறவர்கள் நிறைந்த ஊரில், அறுபது லிட்டர் கொள்ளும் சிறு தொட்டியில் அவ்வுலகத்தின் ஓர் அணுவையாவது நிறுவிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றுவது இயல்பு. உயர்ந்த ஆசை என்பதே என் அபிப்பிராயம். ஆனால் அத்தொட்டியிலுள்ள கல்லும் மீனும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், வைத்திருப்பவர் தயங்காமல் விடை சொல்லக்கூடியவராய் இருத்தல் வேண்டும். இயற்கைக் கடலிலிருந்து ஒரு பாறைத்துண்டும் ஒரு மீனும் எடுக்காமல் அதை அமைப்பது இன்று சாத்தியம். சாமானியனுக்கு அந்த வழியை எட்டச் செய்யும் கடமை, இதே கொச்சியில் இயங்குகின்ற அரசாங்க ஸ்தாபனங்களுக்கு உண்டு.

இந்த ஆசைக்கு வயது ஏறக்குறைய நூற்றெண்பது. 1846-இல், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீ என்னும் ஊரில் கல் பவளங்களைக் கண்டு வியந்த அன்னா தின் என்ற மாது, அவற்றை ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். நீரில் பிராணவாயு தீர்ந்து அவை மடிந்துவிடாதிருக்கும் பொருட்டு, அவர் வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த ஜன்னலருகே நின்று, பாத்திரத்துக்குப் பாத்திரம் அந்நீரை அரைமணி, முக்கால் மணி நேரம் ஊற்றி ஊற்றிக் காற்றுக் கலக்கச் செய்தாள். இன்று மின்சாரப் பம்பு ஓசையின்றிச் செய்கிற காரியத்தை ஒரு பெண்ணின் கைகள் அலுக்காமல் செய்திருக்கின்றன. மறு ஆண்டு கடற்பாசிகளைச் சேர்த்தபோது, அவை வெளியிட்ட பிராணவாயுவால் அந்தச் சிறு குடும்பம் நிலைபெற்றது.

நல்ல கதை இவ்வளவில் நின்றிருக்கலாம். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ஒன்று, வீட்டுக்கு வீடு கடல்தொட்டி வைக்கும் மோகத்தைப் பரப்பிற்று. கூடையும் உளியும் ஏந்திக் கரைக்கு வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகப் பாறைக்குழிகளில் தழைத்திருந்த கடற்சாமந்திகளையும் நட்சத்திர மீன்களையும் வாரிச் சென்றார்கள். அந்தக் கரைகள் வறண்டுபோனதையும், தம் புத்தகங்களே அதற்குத் துணைபோயின என்று தந்தை மனம் வருந்தியதையும், மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அழகை நேசித்தவர்களே அதை அழித்த சரித்திரம் இது. கடல்தொட்டி வைக்க விரும்பும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டே தொடங்க வேண்டும் என்பேன்.

நமக்கு இதைவிட அண்மையான உதாரணமும் உண்டு. கொச்சியில் மருத்துவராகப் பணிபுரிந்து, 1863-இல் கொச்சி ராஜ்யத்தைப் பற்றியும் 1865-இல் மலபார் மீன்களைப் பற்றியும் நூல்கள் எழுதிய பிரான்சிஸ் டே, மேற்குத்தொடர் மலையின் ஓடைகளில் வாழும், பக்கவாட்டில் செந்நிறக் கோடுடைய ஒரு மீனுக்குச் சென்னை கவர்னர் டெனிசனின் பெயரைச் சூட்டினார். நூறாண்டுகளுக்கு மேல் உலகம் அதைக் கவனிக்கவில்லை. அலங்கார மீன் வியாபாரம் கவனித்து, 'மிஸ் கேரளா' என்று செல்லப்பெயரிட்டு ஏற்றுமதி செய்யத் தொடங்கியபின் அது அருகிவரும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. நன்னீர் மீனுக்கு நேர்ந்தது கடல்மீனுக்கும் நேரும். ஏனெனில் உலகெங்கும் தொட்டிகளுக்கென விற்கப்படும் கடல்மீன் இனங்களில் மிகப் பெரும்பான்மையானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்தே பிடிக்கப்படுகின்றன. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் கொடிய வழக்கமும் இருந்துவருகிறது.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கடினப் பவளங்கள், கரும்பவளம், கடல்விசிறி ஆகியவையும் கடற்குதிரைகளும் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள காப்பு இவற்றுக்கும் உண்டு. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. செத்த பவளத்தின் கல்லும் இதற்குள் அடங்கும். தூத்துக்குடிக் கரையில் பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பவளம் வெட்டியெடுக்கப்பட்டதில், மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்துபோயின என்பதை நினைக்கும் தமிழர் எவரும் இச்சட்டத்தைக் கடுமையானது என்று சொல்லத் துணியமாட்டார். இலட்சத்தீவிலோ, வெட்டுகிறவர் இல்லாமலே அழிவு நடக்கிறது. அகத்தி, கடமத், கவரத்தித் தீவுகளில் 1998-இல் 37 சதவீத அளவில் இருந்த உயிர்ப்பவளம், 2022-இல் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டதாக நீண்டகால ஆய்வு ஒன்று கண்டிருக்கிறது. அதற்குப் பின்னும், 2023-ஆம் ஆண்டின் கடைசியில் தொடங்கிய கடல்வெப்ப அலை அங்கே மறுபடியும் பவளங்களை வெளுக்கச் செய்தது. இந்நிலையில் அங்கிருந்து விரலளவு துண்டு ஒன்றை ஒடித்து ஒருவர் தம் வரவேற்பறைக்குக் கொண்டுவருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

அப்படியானால் தொட்டியில் என்ன வைப்பது? பவளமே இல்லாத பவளத்தொட்டியை நான் சிபாரிசு செய்கிறேன். ஜாகர்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961-இல் வெளியிட்ட முறை, கடல்நீர், உயிர்கள் குடியிருக்கும் பாறை, சூரிய வெளிச்சம், மெல்லிய காற்றுக்குமிழி ஆகியவற்றைக் கொண்டே கடலைத் தொட்டிக்குள் நிலைநிறுத்தியது. நீரைச் சுத்தி செய்பவை பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே என்ற அவருடைய அனுபவ உண்மையின்மேல்தான் இன்றைய தொட்டிகள் பலவும் நிற்கின்றன. அந்நுண்ணுயிர்களுக்கு வேண்டியது துளையுள்ள இடம். அது பவளம் கட்டியதாகத்தான் இருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. சிமெண்டுடன் நொறுக்கிய சிப்பி ஓட்டைக் கலந்து வார்த்து, அதன் காரம் இறங்கும்வரை வாரக்கணக்கில் நன்னீரில் ஊறவைத்த கல்லே போதும். சிப்பி ஓட்டுக்கு வேம்பநாட்டுக் கரைக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அதன்பின் வருவது காத்திருத்தல். மீனின் கழிவும் மிஞ்சிய இரையும் அம்மோனியாவாகின்றன. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதலிரண்டும் மீனுக்கு விஷம். இவ்விரு வகை உயிர்களும் கல்லில் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் செல்லும். அதுவரை தொட்டியில் மீன் விடக்கூடாது. இந்தக் காலத்தைக் குறுக்கும் ஆவலே, புதிதாகத் தொடங்குகிறவர்களின் மீன்கள் மடிவதற்கு முதற்காரணம்.

தொட்டி சிறிதென்பதால் கவலை சிறிதாகிவிடாது. கடல் பெரிதென்பதாலேயே அது மாறாமல் இருக்கிறது. அறுபது லிட்டர் நீருக்கு இரண்டு கிலோவுக்குச் சற்று அதிகமான கடலுப்புக் கலவை வேண்டும். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். நான்கு லிட்டர் வற்றவிட்டால் உவர்ப்பு 35-இலிருந்து 37.5-க்கு ஏறிவிடும் என்பதால், தினமும் வற்றிய அளவுக்கு நன்னீர் ஊற்றியாக வேண்டும். கொச்சியின் சித்திரை, வைகாசிப் புழுக்கம் இன்னொரு சோதனை. நீர்மட்டத்தின்மேல் சிறு விசிறி ஒன்றை ஓடவிட்டால் ஆவியாதலால் நீர் குளிரும். ஆனால் காற்றே ஈரத்தால் நிறைந்த இவ்வூரில் அது கோயம்புத்தூரில் குளிர்வதுபோலக் குளிராது. இரண்டு பாகை வெப்பம் கூடினால் தொட்டியிலுள்ள உயிர்கள் எப்படித் துன்புறுகின்றன என்பதைக் கண்ணெதிரே கண்டவருக்கு, இலட்சத்தீவுப் பவளம் வெளுத்த செய்தி அதன்பின் வெறும் செய்தியாக இராது.

நன்னீர் விஷயத்தில் ஒரு வேண்டுகோளும் உண்டு. குழாய்நீரிலுள்ள குளோரினையும் கரைந்த உப்புகளையும் நீக்க ஆர்.ஓ. இயந்திரத்தை உபயோகிப்பவர், அது ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைப் புறந்தள்ளுகிறது என்பதை மறக்கலாகாது. 2023-இன் தொடக்கத்தில் பாழூர் நீரேற்று நிலையத்தின் மோட்டார்கள் பழுதாகி, மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் குடிநீருக்குத் தவித்தது. அண்டை வீட்டார் குடத்தோடு லாரிக்காகக் காத்து நிற்கும் தெருவில், புறந்தள்ளிய நீரைப் பிடித்துவைத்துத் துணி துவைக்கவும் தரை கழுவவும் பயன்படுத்துவது தொட்டி வைத்திருப்பவரின் குறைந்தபட்ச மரியாதை.

மீனுக்கு வருவோம். 1947-இல் தோன்றி 1971-இல் மண்டபத்திலிருந்து கொச்சிக்குத் தலைமையகத்தை மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கோமாளி மீன்களைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை எப்போதோ கைவசப்படுத்திவிட்டது. ஜோடி மீன்கள் கல்லின்மேல் முட்டையிடும். ஆண்மீன் செட்டைகளால் விசிறிக் காக்கும். சுமார் ஒரு வாரத்தில் இருட்டிய வேளையில் குஞ்சு பொரியும். கண்ணுக்கெட்டாத ரோட்டிபர் என்னும் நுண்பிராணிகளை முதல் இரையாகக் கொடுத்து அவற்றை வளர்க்கிறார்கள். பறங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலும் இந்த வித்தை பயின்று வெற்றி கண்டார்கள். மேற்படி ஆராய்ச்சி நிலையத்தின் விழிஞ்ஞம் மையம், 2023-இல், நீலமும் மஞ்சளும் கலந்த டாம்செல் மீன் ஒன்றையும் கோபி மீன் ஒன்றையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. பண்ணையில் பிறந்த மீன் தொட்டியையே உலகமாக அறிந்து வளர்வதால், கடலில் பிடித்த மீனைவிட உடல்திடத்தோடு வாழவும் செய்கிறது.

இவ்வளவு சாஸ்திரம் எறணாகுளத்தில் இருந்தும், காயலுக்கு இக்கரையில் மீன் வாங்கப் போகிறவர், தாம் வாங்கும் கோமாளி மீன் பண்ணையில் பிறந்ததா, பாறையில் பிடிபட்டதா என்று அறிய வழியில்லாமல் திரும்புகிறார். 2017 மே மாதம் மத்திய அரசு 158 கடலினங்களைத் தொட்டிகளில் வைப்பதைத் தடுத்து விதிகள் வெளியிட்டு, பின்னர் அவற்றைத் திரும்பப் பெற்றது. மீண்டும் விதி செய்ய முற்படுவோர், பிறப்பிடத்தைக் குறிக்கும் ரசீது ஒன்றைக் கட்டாயமாக்கட்டும்: எந்தப் பண்ணை, எந்தத் தேதியில் பொரித்த குஞ்சு என்பது அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆராய்ச்சி நிலையம் ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் தன் கதவைத் திறக்கிறதே, அந்நாளில் அலங்கார மீன் வியாபாரிகளையும் அழைத்துக் குஞ்சுகளை நேரே விற்கத் தொடங்கலாம். அகத்தித் தீவில் அரசு ஸ்தாபனங்களிடம் பயிற்சி பெற்ற பெண்கள் அலங்கார மீன்களையும் இறால்களையும் வளர்க்கிறார்கள்; அத்தீவிலிருந்து வரும் கப்பல், மட்டாஞ்சேரிக்கு எதிர்க்கரையிலுள்ள வெல்லிங்டன் தீவில்தான் அணைகிறது. அப்பெண்கள் வளர்த்த மீன் அந்தக் கப்பலில் வந்து, அவர்களுடைய சங்கத்தின் ரசீதோடு இவ்வூர்க் கடைகளில் விற்கப்படுவதற்கு இலட்சத்தீவு நிர்வாகமும் கேரள மீன்வளத்துறையும் கூடிப் பேசி ஓர் ஏற்பாடு செய்தால் போதும்.