குழு போட்டாச்சு, அப்புறம்?

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் மருத்துவச் செலவுப் பிரச்சினைக்காக ஒரு ‘டாஸ்க் ஃபோர்ஸ்’ அமைத்திருக்கிறார்கள். மொத்தம் 14 பேர். காலக்கெடு கிடையாது. அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானத்தில் இருப்பது ஒரே வரி: ‘மருத்துவச் செலவு தொடர்பான அனைத்து விஷயங்களையும் ஆராய்ந்து ஆவன செய்யும்.’ எல்லோரும் கை தட்டினோம். காபி வந்தது, கலைந்தோம்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அதில் பாதிக் காலம் ஊழியர் சங்க வேலையும் பார்த்தேன். இப்படிப் பிறந்த குழுக்கள் எத்தனையோ. அறிக்கை எழுதி முடித்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் அபிப்பிராயம் இதுதான்: ஒரு குழு உருப்படுமா என்பது அது கூடிப் பேசும்போது தீர்மானமாவதில்லை. அதை அமைக்கும் தீர்மானத்தை எழுதுகிறோமே, அப்போதே முடிவாகிவிடுகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். டாஸ்க் ஃபோர்ஸ் என்பது கடற்படைச் சொல். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அதைப் பரப்பியது. ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பல பிரிவுகளிலிருந்து கப்பல்களைச் சேர்ப்பார்கள். வேலை முடிந்ததும் அவை தத்தம் பிரிவுக்குத் திரும்பிவிடும். நாம் பெயரை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டோம். ஒரே வேலை, முடிந்ததும் கலைவது என்ற இரண்டையும் விட்டுவிட்டோம்.

அடுத்தது ஆட்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. குழு என்றால் காரைக்காலுக்கு ஒருவர், கேரளக் கரையில் இருக்கும் மாகேவுக்கு ஒருவர், ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்கு ஒருவர் என்று போட்டாக வேண்டும். பிறகு சங்கத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒருவர். விட்டுப்போனால் கோபித்துக்கொள்வார் என்று இன்னும் நான்கு பேர். கூட்டத்துக்குத் தேதி குறித்தால் பாதிப் பேர் வர முடியாது. கோரம் இல்லை என்று ஒத்திவைப்பார்கள்.

எல்லாப் பகுதிக்கும் இடம் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அது செயற்குழுவுக்கு வேண்டியது. ஒரு வேலைக்காகப் போடும் குழுவுக்கு வேண்டியவர்கள் வேறு. விதிகளைப் படித்தவர் ஒருவர், அந்த அலுவலகத்தில் வேலை பார்த்தவர் ஒருவர், பாதிக்கப்பட்டவர் ஒருவர், வீடு வீடாகப் போய் விவரம் சேகரிக்கக் கால் தெம்புள்ளவர் ஒருவர், எழுதத் தெரிந்தவர் ஒருவர். ஐந்து பேர் போதும். மாகேயின் கருத்தை ஒரு கடிதத்தில் கேட்டு வாங்கலாம்.

இதையெல்லாம் பெரிதுபடுத்துவானேன் என்பீர்கள். எண்பதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு துறையில் எழுத்தர்களின் முதுநிலைப் பட்டியலில் குளறுபடி. பின்னால் சேர்ந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். என் நண்பர் ஒருவர் மனு கொடுத்தார். துறை நிராகரித்தது. அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகத் தயாராக இருந்தார். சங்கத்தில், “குழு போட்டிருக்கோம், அவசரப்படாதீங்க அண்ணே” என்றார்கள். மரியாதை தெரிந்த மனிதர், காத்திருந்தார். குழுவில் 11 பேர். முதல் வருடம் இரண்டு முறை கூடியது, அதன்பின் கூடவில்லை. அவர் வக்கீலைப் பார்க்கப் போனபோது, நிராகரிப்பு உத்தரவு வந்து ஒரு வருடத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயச் சட்டத்தைக் காட்டினார் அவர். பதவி உயர்வு இல்லாமலே நண்பர் ஓய்வு பெற்றார். ஓய்வூதியத்தைக் கடைசிக் காலச் சம்பளத்தை வைத்துத்தானே கணக்கிடுகிறார்கள்? குறைந்தது குறைந்ததுதான். அவர் இறந்தபின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் அந்தக் கணக்கில்தான்.

அந்தக் குழுவில் இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. அறிக்கையை எழுத வேண்டியவர் யார் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். குழு இல்லாமலே இருந்திருந்தால் அவர் தன் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ‘கொமிசியோன்’ என்று சொன்னால் அடுத்த கேள்வி ‘ரப்போர்த்தர் யார்?’ என்பதுதான். அறிக்கையாளர் என்று தமிழில் சொல்லலாம். பிரான்சின் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா குழுவுக்குப் போனால் குழு ஓர் அறிக்கையாளரை நியமிக்கிறது. அறிக்கை அவர் பெயரில் வருகிறது. சபையில் எழுந்து அதை விளக்குகிறவரும் அவரே. நம்மிடம் தலைவர், துணைத்தலைவர், அமைப்பாளர் எல்லாம் உண்டு. பேனா யார் கையில் என்பது மட்டும் தெரியாது.

அங்கே இன்னொரு நல்ல விதியும் இருக்கிறது. நாடாளுமன்றம் அமைக்கும் விசாரணைக் குழுக்களைப் பற்றிய 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அறிக்கை தந்ததும் குழு முடிந்தது. தராவிட்டாலும் 6 மாதத்தில் முடிந்தது. அதே விஷயத்துக்கு மறுபடி குழு போட வேண்டுமென்றால் 12 மாதம் பொறுக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் வேறொரு பக்கத்தைப் பிடிக்கிறது. 1952-ஆம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, அறிக்கை வந்த 6 மாதத்துக்குள் அரசு அதைச் சபையில் வைக்க வேண்டும், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு. இது பின்பற்றப்படும் லட்சணம் நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. பிரெஞ்சு விதி குழுவுக்குக் கெடு வைக்கிறது, நம் விதி குழுவை அமைத்தவருக்குக் கெடு வைக்கிறது. சங்கத்துக்கு இரண்டும் வேண்டும். எழுதி முடித்த ஒன்றிரண்டு அறிக்கைகளும் செயலாளர் பீரோவில் தூங்கியதைப் பார்த்தவன் நான்.

“சங்கம் என்ன சட்டசபையா? சம்பளமா கொடுக்கிறோம்? கெடு வைத்தால் யார் வருவார்கள்?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கெடு இல்லாததால்தான் நல்லவர்கள் வர மறுக்கிறார்கள். மூன்று மாத வேலை என்றால் ஒத்துக்கொள்கிறவர், முடிவே தெரியாத வேலை என்றால் ஒதுங்கிவிடுகிறார். காசு வாங்காமல் வருகிறவரின் நேரத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய மரியாதை அதுதான்.

இன்னொரு காரணத்தையும் ஒளிக்க வேண்டாம். சில சமயம் கூட்டத்தில் சூடு தணியட்டும் என்றுதான் தலைவர்கள் குழு போடுகிறார்கள். ஆறப்போடுவதும் சில நேரம் தேவைதான். அப்படியானால் மூன்று மாதம் கழித்துப் பேசுவோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அதற்குக் குழு என்று பெயர் வைத்து நம்பிக்கை கொடுக்கக் கூடாது.

எங்கள் சங்கம் அந்தத் தீர்மானத்தைத் திருத்த இன்னும் அவகாசம் இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்திருப்பது இது:

‘ஆஸ்பத்திரிச் செலவைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தவர்களுக்குப் பணம் வர எத்தனை மாதம் ஆகிறது, தாள் எந்த மேசையில் நிற்கிறது, எந்த நடைமுறையை மாற்றினால் வேகம் கூடும் என்ற மூன்று கேள்விகளுக்கு மட்டும் ஐந்து பேர் குழு 90 நாளில் பதில் தரும். அறிக்கையாளர் பெயர் இதிலேயே குறிக்கப்படும். அறிக்கை தந்ததும் குழு கலையும். ஒவ்வொரு பரிந்துரையையும் ஏற்கிறோமா, இல்லையென்றால் ஏன் என்று செயற்குழு 60 நாளில் எழுத்தில் பதில் தரும்.’

பில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் எங்கள் உறுப்பினர்களில் பலர் எண்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் சங்கத்துக்குப் போன் செய்து கேட்டால், ‘குழு போட்டிருக்கோம்’ என்பது பதில் ஆகாது. ஒரு தேதி சொல்ல வேண்டும்.