பினியம் வென்றது அதிசயமில்லை

பினியம் கிர்மாயைப் பற்றிக் கதை வந்தால், ‘ஏழை நாட்டில இருந்து வந்து சாதிச்ச பொடியன்’ எண்ட ஒற்றை வசனத்தோட அது முடிஞ்சு போகுது. நாங்களும் அவற்ற ரசிகர்தான். ஆனா அந்த வசனம் எங்களுக்கு ஒத்துவரேல்லை.

தெரியாதவைக்குச் சொல்லிவிடுவம். பினியம் எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாராவில 2000 ஆம் ஆண்டு பிறந்தவர். 2024 யூலை 1 ஆம் திகதி, டூர் டி பிரான்ஸின் மூன்றாவது கட்டம் இத்தாலியின் டூரின் நகரத்தில முடிஞ்சபோது எங்களுக்கு இரவு ஒன்பது மணியளவு. 230 கிலோமீற்றர் ஓடின பிறகு, கடைசி வேகப் பாய்ச்சலில வேலிக் கரையோட வந்து முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். நூறு வருசத்துக்கு மேற்பட்ட அந்த ஓட்டத்தில ஒரு கட்டத்தை வென்ற முதல் கறுப்பின ஆபிரிக்கர் அவர்தான். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால சிலர் விழுந்ததால கிடைச்ச வெற்றி எண்டு சொல்லவும் ஆள் இருக்கும். அவைக்கு எட்டாவது கட்டத்திலயும் பன்னிரண்டாவது கட்டத்திலயும் பதில் கிடைச்சுது. பிறகு நீமில விழுந்து முழங்கால் அடிபட்டும், புள்ளிகளில முன்னுக்கு நிக்கிறவருக்கான பச்சை மேலாடையைக் கடைசி வரைக்கும் விடேல்லை.

ஒரு சின்ன விசயம். உலகம் அவரைக் ‘கிர்மாய்’ எண்டு கூப்பிடுது. அது அவற்ற தகப்பன்ர பெயர். எரித்திரியாவிலயும் எங்களைப் போலத்தான், குடும்பப் பெயர் எண்டு ஒன்றில்லை. சொந்தப் பெயருக்குப் பின்னால தகப்பன் பெயர் வரும். வெளிநாட்டில எங்கட அண்ணாமாரை அவையின்ர அப்பாவின் பெயரால கூப்பிடுற கூத்து நினைவுக்கு வருதா? நாங்கள் பினியம் எண்டே எழுதுறம்.

இப்ப அந்த வசனத்துக்கு வருவம். பினியம் வெறும் நிலத்தில முளைச்சவர் இல்லை. எரித்திரியா 1941 வரை இத்தாலியின் குடியேற்ற நாடு. சைக்கிளைக் கொண்டுவந்தவை இத்தாலியர். கன காலம் உள்ளூர்ச் சனத்தைத் தங்களோட சேர்த்து ஓட விடேல்லை. 1946 இல நாட்டைச் சுத்தின முதல் ஓட்டம் நடந்தது. பிறகு 1961 இல இருந்து 1991 வரை முப்பது வருசப் போர். 2001 இல அந்த ஓட்டத்தைத் திருப்பித் தொடங்கினார்கள். அஸ்மாராவில ஞாயிற்றுக்கிழமையில வீதியை மறிச்சுச் சைக்கிள் ஓட்டம் நடக்கிறது ஊர் வழமை. கழகங்கள் இருக்கு, பெடியளுக்கெண்டு ஓட்டங்கள் இருக்கு, பின்னேரம் அதைப் பற்றிக் கதைக்கிற தேத்தண்ணிக் கடைகளும் இருக்கு. 2015 இல டானியல் தெக்லேஹைமனொட் டூர் டி பிரான்ஸில மலையேற்றத்துக்கான சிவப்புப் புள்ளி மேலாடையைப் போட்டபோது பினியத்துக்கு வயது பதினைஞ்சு. தன்ர ஊர்த் தெருவில ஓடின ஒருத்தர் அங்க நிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். பிறகு சுவிற்சர்லாந்தின் எகிளில இருக்கிற உலகச் சைக்கிளோட்ட மையம் அவரை எடுத்துப் பயிற்சி குடுத்தது. இத்தனையும் சேர்ந்ததைத்தான் ‘அதிசயம்’ எண்டு கதையை முடிக்கப் பாக்கிறம்.

சைக்கிளும் போரும் எங்களுக்குப் புதுசில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில விறகு, நெல்லு மூட்டை, காய்ச்சல்காரர் எல்லாம் கரியரிலதான் போச்சு. 2009 இல உருட்டிக்கொண்டு போய், இனி ஏலாது எண்டு வழியில விட்டிட்டுப் போன சைக்கிளுகளுக்குக் கணக்கில்லை. 2022 மே 17 ஆம் திகதி, ஜிரோ டி இத்தாலியாவில பினியம் மத்தியூ வான் டெர் பூலை முந்தி ஒரு கட்டத்தை வென்ற நேரம், இலங்கை முழுக்கப் பெற்றோல் வரிசையில நிண்டது. கொட்டிலுக்குள்ள துருப்பிடிச்சுக் கிடந்த லுமாலாக்களைத் திரும்ப வெளியில எடுத்த காலம் அது. (அந்த வெற்றி மேடையில பினியம் திறந்த போத்தலின் மூடி அவற்ற கண்ணிலயே அடிச்சு, அடுத்த நாள் ஓடாமல் விலகவேண்டி வந்தது. சந்தோசத்திலயும் ஒரு கண்டம்.)

சைக்கிள் இருக்கு, மிதிக்கிற கால் இருக்கு. சோளகக் காத்துக்கு எதிராப் பள்ளிக்கூடம் போற பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, முன்னால ஒருத்தரை விட்டு அவருக்குப் பின்னால ஒட்டி ஓடினால் மிதி லேசு எண்டு சொல்லும். டூர் டி பிரான்ஸில நூற்றுக்கு மேற்பட்டவை ஒரே கூட்டமா ஓடுறதுக்கும் அதுதான் காரணம். எங்களிட்ட இல்லாதது ஓட்டம். சித்திரை விளையாட்டு விழாவில ஒரு துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி, ஆகவும் மெதுவா ஓடுறவர் வெல்லுற இன்னொரு போட்டி, ஒரு பரிசுப் பொதி. பிறகு அடுத்த சித்திரைதான். நாட்டில பெயர் பெற்ற பல நாள் ஓட்டத்தை வருசாவருசம் நடத்துறது விமானப்படை. முன்னணி ஓட்டக்காரரில கனபேர் படைகளின் அணிகளில இருக்கிறவை. சைக்கிளோட்டத்தில மேல போற வழி சீருடைக்குள்ளால போகுமெண்டால், அந்த வழியால எங்கட பிள்ளை போகுமா எண்டு நாங்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

எரித்திரியாவைக் கோயிலாக்கவும் எங்களுக்கு விருப்பமில்லை. அங்க 1993 இல இருந்து ஒரே சனாதிபதி, தேசியத் தேர்தல் இல்லை, முடிவு தெரியாத கட்டாயப் படைச்சேவை. அதுக்குப் பயந்து பாலைவனமும் கடலும் தாண்டின இளம் ஆக்கள் ஆயிரக்கணக்கில. சுவிஸில இருக்கிற எங்கட சொந்தக்காரரைக் கேட்டால், தங்களோட வேலை செய்யிற எரித்திரியரைப் பற்றிச் சொல்லுவினம். டூர் டி பிரான்ஸ் வீதியோரத்தில கொடி பிடிச்சுக் கத்தினவையில, அந்த அரசை விட்டு ஓடி வந்தவையும் இருந்திருப்பினம். வென்றவனைக் கொண்டாட அவைக்கு அரசின் அனுமதி தேவைப்படேல்லை. அந்த ஆரவாரம் எங்களுக்கு விளங்குது.

ஆனா போனில பார்த்து, பதிவு போட்டு, நித்திரைக்குப் போறதோட எங்கட ரசிப்பு நிக்கக் கூடாது. எங்கட கோரிக்கை சின்னது. மாசத்தில ஒரு ஞாயிறு, விடிய ஆறு மணி. ஏ9 வேண்டாம், அங்க பஸ்ஸும் லொறியும் ஓடுற வேகத்துக்குப் பிள்ளையளை விடேலாது. உள்வீதி ஒன்று காணும், அல்லது புளியங்குளத்தில இருந்து நெடுங்கேணிப் பக்கம் போற வீதியில ஒரு துண்டு. பொலிஸ் அனுமதி, முதலுதவிக்கு ஒரு வாகனம், சந்திக்குச் சந்தி நிக்க விளையாட்டுக் கழகப் பெடியள், நேரம் எழுத ஒரு கொப்பி. பொம்பிளைப் பிள்ளையளுக்கு முதல் ஓட்டம். பின்னேர வகுப்புக்குத் தினம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் மிதிக்கிறவை அவைதானே. டோக்கியோ ஒலிம்பிக்கில எரித்திரியாவுக்காக ஓடினவை வரிசையில மொசானா டெபெசாய் எண்ட பெண்ணும் இருந்தவ.

கியர் சைக்கிள் தேவையில்லை. பிறேக் பிடிச்சால் காணும். கரியரைக் கழட்டிப்போட்டு வாங்கோ.