மூட்டைக் கணக்கும் டன் கணக்கும்

கேள்வி: ''துண்டறிக்கையில் ஒரு நெல் ரகம் ஹெக்டேருக்கு 6 டன் விளையும், வயது 135 நாள் என்று போட்டிருக்கிறார்கள். அதே ரகத்தில் எனக்கு ஏக்கருக்கு 30 மூட்டைதான் கிடைத்தது. பக்கத்து ஊர்க்காரர் வேறு ரகத்தில் 36 மூட்டை எடுத்தாராம். ரகத்தை மாற்றிவிடலாமா?''
- மன்னார்குடி பகுதி வாசகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில், அவருடைய மூட்டை எத்தனை கிலோ என்று கேளுங்கள். உங்கள் மூட்டை 75 கிலோ, அவருடையது 60 கிலோ என்றால், உங்களுக்கு 2,250 கிலோ. அவருக்கு 2,160 கிலோ. விளைச்சல் உங்களுக்குத்தான் அதிகம்!

அடுத்து, துண்டறிக்கை. ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அப்படியானால் உங்கள் விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 5,560 கிலோ. ஆனால், ஆராய்ச்சியாளர்கள் நெல் விளைச்சலை 14 சதவிகித ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டுச் சொல்வது வழக்கம். நீங்கள் எடை போட்டபோது ஈரப்பதம் 20 சதவிகிதம் இருந்திருந்தால், 80-ஆல் பெருக்கி 86-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 5,170 கிலோ வரும். 6 டன்னோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

வயதும் அப்படித்தான். 135 நாள் என்பது விதைத்த நாளிலிருந்து. நட்ட நாளிலிருந்து எண்ணினால் நாற்றங்கால் நாள்கள் விடுபட்டுப்போகும்.

இந்தக் குழப்பம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு. 'ஆந்திரா பொன்னி'யும் பி.பி.டி. 5204-ம் ஒன்றுதான். சி.ஆர். 1009 ரகம் ஒடிசாவில் சாவித்திரி, இங்கே பொன்மணி. குலைநோய்க்கு 0 முதல் 9 வரை மதிப்பெண் போடும் முறையில், 9 என்றால் படுமோசம். முறை தெரியாதவர் அதை நல்ல மதிப்பெண் என்று நினைத்துவிடுவார். இப்படி ஒவ்வொரு நிலையமும் தன் போக்கில் எழுதிவைத்தால், பல ஊர் ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்க்கவே முடியாது.

இதற்காகத்தான், சி.ஜி.ஐ.ஏ.ஆர். என்ற சர்வதேச வேளாண் ஆராய்ச்சிக் கூட்டமைப்பைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2008-ம் ஆண்டு 'கிராப் ஆன்டாலஜி' என்ற பொது அகராதியைத் தொடங்கினார்கள். அதில் எந்தப் பதிவுக்கும் மூன்று விவரங்கள் உண்டு. எதை அளந்தோம், எப்படி அளந்தோம், எந்த அளவுகோலில் சொல்கிறோம். மூன்றுக்கும் சேர்த்து ஓர் அடையாள எண். எந்த நாட்டில், எந்த மொழியில் பெயர் மாறினாலும் எண் மாறாது. கம்ப்யூட்டர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு, ஒரே பண்பைப் பற்றிய பதிவுகளை ஒன்றுசேர்த்துவிடும்.

நம் வயலுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். விதை மூட்டையின் சான்றட்டையில் உள்ள ரகத்தின் பெயர், விதைத்த தேதி, நட்ட தேதி, அறுத்த தேதி, பரப்பு சென்ட் கணக்கில், மகசூல் கிலோ கணக்கில், எடை போட்டபோது இருந்த ஈரப்பதம். இவற்றை எழுதிவையுங்கள். ஈரப்பதத்தை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்துப் பார்ப்பார்கள், கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரகத்தை மாற்றும் முன், இரண்டையும் ஒரே வயலில் பத்துப் பத்து சென்ட் நட்டு, ஒரே உரம் கொடுத்து, ஒரே தராசில் நிறுத்துப் பாருங்கள். வயது வேறாக இருந்தால் தனித்தனியாக அறுத்து, இரண்டையும் ஒரே ஈரப்பதத்துக்குக் கணக்கிடுங்கள். அந்தக் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள்.