வேஷம் கட்டும் உரிமை

முதுநகரில் அக்கா வீட்டில் தங்கும் இரவுகளில், பக்கத்துப் பாயில் போர்வைக்குள்ளிருந்து வெளிச்சம் கசியும். அக்கா மகள் விளையாடிக்கொண்டிருப்பாள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தம்பிக்குப் புதுபோன் வாங்கியபோது அவள் கைக்கு வந்த பழைய போன்; திரையின் ஒரு மூலையில் விரிசல். அந்தத் திரைக்குள் ஒரு நாடு இருக்கிறது. மலை, மந்திரம், மிதக்கும் தீவு எல்லாம் உண்டு. அந்த நாட்டில் அவள் ஒரு வாள்வீரன். பெயர் கரிகாலன்.

"ஏண்டி ஆம்பளப் பேரு?" என்று கேட்டேன்.

"பொண்ணு பேரு வச்சா நிம்மதியா விளையாட விடமாட்டானுங்க சித்தி."

பிறகு மெதுவாகச் சொன்னாள். முதலில் அவள் வைத்த பெயர் அல்லி. ஆண் துணை வேண்டாமென்று நாடாண்ட அல்லி அரசாணி கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவள் அவள். அல்லியாக ஒரு வாரம்கூட இருக்க முடியவில்லை. "நிஜமாவே பொண்ணா?" என்று கேட்டார்கள். இன்ஸ்டா ஐடி கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள். ஒருவன் தன் வீரனைக் கொண்டுவந்து அல்லியின் முன்னால் நிறுத்தி, அவள் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து அசிங்கமாக எழுதிக்கொண்டே இருந்தான். குழுத் தலைவனாக இருந்த பையனிடம் முறையிட்டாள். "வெறும் கேம்தானே, இதையெல்லாம் சீரியஸா எடுத்துக்காத" என்றான். அதே வாரத்தில் போன் வெளிச்சத்தைப் பார்த்துவிட்ட அத்தான் சத்தம் போட்டார்: "பொம்பளப் புள்ளைக்கு ராத்திரியில என்ன கேம் வேண்டிக் கிடக்கு?"

அல்லியை அழித்துவிட்டாள். கரிகாலன் பிறந்தான்.

அந்தப் பையனுக்கு அது வெறும் விளையாட்டு, ஆகவே எதுவும் செய்யலாம். அவளுக்கு அது விளையாட்டே இல்லை, ஆகவே எதுவும் செய்யக்கூடாது. ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வாக்கியங்கள் ஒரு பெண்ணை ஒரே வாசல் வழியாக வெளியே தள்ளுகின்றன. இரண்டுமே பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடலூர், சிதம்பரம் பக்கத்துக்காரர்களான நமக்கு வேஷம் புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊர் இங்கே குறைவு. திருவிழா என்றால் இரவெல்லாம் பாரதக் கூத்து. பாஞ்சாலி சபதம் நடக்கும் இரவில் பாயும் தலையணையுமாகப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அங்கே ஓர் ஆண் மீசையை மழித்து, அரிதாரம் பூசி, புடவை கட்டி, கூந்தலை விரித்துப் பாஞ்சாலியாக நிற்பார். ஊரே அவரை அம்மா என்று கும்பிடும். துச்சாதனன் வேஷக்காரர் துகிலைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். தான் செய்யப்போவது பொய்யான வதை என்று அவருக்குத் தெரியும். பொய்யாகவே இருந்தாலும் அதற்கு ஒரு பாரம் உண்டு என்பதும் தெரியும். "வெறும் கூத்துதானே" என்று அந்த மேடையில் யாரும் சொன்னதில்லை.

கூத்துக்காரர்கள் வேஷம் "போடுவது" என்று சொல்வதைவிட, "கட்டுவது" என்றே சொல்வார்கள். கட்டினால் அது உடம்பை இறுக்கும், நடையை மாற்றும், விடியும்வரை அவிழ்க்க முடியாது. இன்னொருவரின் சுமையைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்வதுதான் வேஷம்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் பொய்யள்ளி ஆவேன். அந்த மரபு பாஞ்சாலியின் கோபத்தை ஆண் குரலுக்குக் கொடுத்தது. பெண்களாகிய எங்களைத் தரையில் உட்காரவைத்து அழச் சொன்னது. பெண் வேஷம் கட்டிய ஆண் கலைஞர். வேஷம் கட்டிய பெண்ணுக்கு ஊர் வைத்த பெயர் என்ன என்று உங்களுக்கே தெரியும். கூத்தாடி, நாடகக்காரி என்பவை இன்றும் வசைச்சொற்களாகத்தான் புழங்குகின்றன.

அந்த வசையைத் தாண்டி வந்தவர்களில் ஒருவர் கே.பி. சுந்தராம்பாள். 1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. இனி ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் அவர் நந்தனாகவே நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை. நந்தனை வாசலில் நிறுத்திய சிதம்பரத்தின் கதையை, மேடையில் ஆணுக்கு ஜோடியாக நிற்க மறுத்த ஒரு பெண் ஆண் உடையில் சொன்னார். நந்தனின் வேஷத்தை யார் கட்டலாம் என்ற சாதிக் கேள்வி தனியே இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். கைம்பெண்மை என்ற வேலி சுற்றி நின்ற இடத்தில்தான் சுந்தராம்பாள் அந்த முடிவை எடுத்தார் என்பதையும் மறக்கவில்லை. ஆனாலும் அவர் அந்த வேஷத்தைத் தானே தேர்ந்தெடுத்தார். அதைக் கட்டியது சுந்தராம்பாள்தான் என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். போர்வைக்குள் இருக்கும் கரிகாலனுக்கு அது வாய்க்கவில்லை. அவன் வேஷம் இல்லை, ஒளிவிடம்.

கற்பனை உலகம்தானே, அங்கே ஆணென்ன பெண்ணென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கைக் காட்டுகிறேன். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். கணினி தேவையில்லை, காகிதம், பென்சில், பகடை, மேசையைச் சுற்றி நாலு பேர் போதும். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகி அதன் வாயால் பேச வேண்டும். இன்று போனில் நாம் பார்க்கும் லெவல் ஏறுவது, உயிர்ப்புள்ளி குறைவது எல்லாம் அந்த மேசையிலிருந்து பரவியவை. அதன் மேம்பட்ட வடிவத்துக்கு 1978இல் வந்த விதிப்புத்தகத்தில் வலிமைக்கு ஓர் அட்டவணை உண்டு. மனித ஆண் வீரனின் வலிமை 18/100 வரை போகலாம். மனிதப் பெண்ணுக்கு உச்சம் 18/50. பகடை எவ்வளவு விழுந்தாலும் அதற்குமேல் இல்லை.

யோசித்துப் பாருங்கள். தீ கக்கும் டிராகனைக் கற்பனை செய்ய முடிந்தவர்களால், சுவருக்குள் நுழைந்து போகும் மந்திரவாதியைக் கற்பனை செய்ய முடிந்தவர்களால், ஆணுக்குச் சமமான வலிமையுள்ள ஒரு பெண்ணைக் கற்பனை செய்ய முடியவில்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரம்பு எடுக்கப்பட்டது. அந்த மேசையின் வழித்தோன்றலான 'பால்டர்ஸ் கேட் 3' 2023இல் வந்தபோது, உடல், குரல், பாலினம் எல்லாவற்றையும் விருப்பம்போல் கலந்து ஒரு பாத்திரத்தை உருவாக்க முடிந்தது. விதிப்புத்தகம் திருந்திவிட்டது. கூட உட்கார்ந்து விளையாடுகிறவர்கள் திருந்தினார்களா என்பதுதான் கேள்வி.

1986இல் ஜப்பானில் வந்த 'மெட்ராய்ட்' விளையாட்டில் கதைநாயகர் உடம்பு முழுக்க இரும்புக் கவசம் அணிந்திருப்பார். ஆட்டத்தை விரைவாக முடித்தால் கடைசியில் கவசம் கழன்று அவர் ஒரு பெண் என்று தெரியும். எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைவான உடையில் அவர் நிற்பார். அதாவது கவசத்துக்குள் பெண் இருப்பது ஆடியவருக்குப் பரிசு. அல்லியிடம் "நிஜமாவே பொண்ணா, போட்டோ அனுப்பு" என்று கேட்டவர்கள் அந்த விளையாட்டைப் பார்த்துக்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் அதே பரிசைத்தான் கேட்டார்கள்.

இதே பையன்களில் பலர் பெண் பாத்திரத்தை எடுத்து விளையாடுகிறார்கள் என்பது வேடிக்கை. ஏன் என்று கேட்டால், "மணிக்கணக்கா முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கணும், பொண்ணா இருந்தா நல்லா இருக்கும்ல" என்று சிரிப்பார்கள். இதைத்தான் நான் வேஷம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். பாஞ்சாலி வேஷக்காரர் விடியவிடிய அவள் அவமானத்தைச் சுமக்கிறார். இவர்கள் ஒரு பொம்மைக்கு உடை மாற்றுகிறார்கள். எல்லா ஆண்களும் இப்படி என்று சொல்லவில்லை. பெண் பாத்திரம் எடுத்ததும் வந்து விழுந்த செய்திகளைப் படித்து அதிர்ந்துபோன ஆண்களும் உண்டு. அந்த அதிர்ச்சி வந்த நிமிடத்தில்தான் அவர்கள் வேஷம் கட்டத் தொடங்குகிறார்கள்.

பொம்மை என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 'லாம்ப்டாமூ' என்ற இணைய உலகம் ஒன்று இருந்தது. படம் கிடையாது, எழுத்து மட்டும். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக அங்கே வாழ்ந்தார்கள். மிஸ்டர் பங்கிள் என்ற பெயரில் வந்த ஒருவன், மற்றவர்களின் பாத்திரங்கள் தாங்களே செய்வதுபோல் வன்புணர்வுக் காட்சிகளை எல்லோர் முன்னாலும் எழுதினான். அதற்கு அவன் பயன்படுத்திய நிரலை 'வூடூ பொம்மை' என்றே அழைத்தார்கள். பாதிக்கப்பட்ட பாத்திரங்களில் ஒன்றை இயக்கிய பெண், நடந்ததைப் பற்றி அங்கே எழுதும்போது நிஜமாகவே அழுதுகொண்டிருந்தார். ஜூலியன் டிபெல் 1993இல் இதை விரிவாக எழுதினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாதபோது அவர் ஏன் அழுதார்? வேஷம் கட்டியவர் தன்னை அதற்குள் வைத்திருக்கிறார், அதனால். அந்த உலகத்து மக்கள் "வெறும் கேம்" என்று கலைந்துபோகவில்லை. கூடி வாதாடினார்கள். கடைசியில் பங்கிள் நீக்கப்பட்டான். அடுத்து இப்படி நடந்தால் என்ன செய்வது என்பதற்கு வாக்களிக்கும் முறையையும் உண்டாக்கினார்கள். முப்பது வருடம் கழித்தும் நம் பிள்ளைகளுக்கு "சீரியஸா எடுத்துக்காத" என்ற பதில்தான் கிடைக்கிறது.

இனி நம் பக்கத்துத் தோழிகளோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

"சோத்துக்கும் கூலிக்கும் போராட வேண்டிய நேரத்தில் கேம் ஒரு பிரச்சினையா?" என்று ஒரு தோழி கேட்டார். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அந்த வித்தியாசம்தான் விளையாட்டு. தம்பி மாலை ஆறு மணிக்குக் கூடத்தில் கால்நீட்டி விளையாடுகிறான். அக்கா பாத்திரம் கழுவி, நாளைக்குக் காய் நறுக்கிவைத்துவிட்டு, பதினோரு மணிக்குப் போர்வைக்குள் விளையாடுகிறாள். ஓய்வு என்பது கூலியைப் போலவே பங்கு கேட்க வேண்டிய சொத்து.

இன்னொரு தோழி, பெண்கள் விளையாடினால் நல்ல வீராங்கனையாக, முன்மாதிரியாக விளையாட வேண்டும் என்றார். முன்மாதிரியா? அதைத்தானே வீட்டில் இருபது வருடமாக நடித்துக்கொண்டிருக்கிறோம்! நல்ல மகள், நல்ல மருமகள், சிரித்த முகம். டொரொன்டோவில் உருவாகி 2023இல் வந்த 'வெண்பா' என்ற விளையாட்டை எனக்கு மிகவும் பிடிக்கும். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், மகனுக்காக இட்லியும் பிரியாணியும் சமைக்கும் கதை. 2024இல் பாஃப்டா விருதும் பெற்றது. கண்கலங்கத்தான் விளையாடினேன். ஆனால் உலகம் அறிந்த தமிழ்ப் பெண் பாத்திரம் அடுப்பங்கரையில் மட்டும் நின்றால் போதாது. எங்களுக்குத் திருடி வேண்டும். சூனியக்காரி வேண்டும். பேராசைக்காரி, கோழை, பழிவாங்குகிறவள், அழகில்லாதவள், தோற்றுப்போகிறவள் எல்லோரும் வேண்டும். கெட்டவளாக இருந்து பார்க்க யாருக்கும் கெடுதல் இல்லாத ஓர் இடம் ஆண்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. எங்களுக்கும் அது வேண்டும்.

அடுத்த முறை போனபோது அக்கா மகள் கரிகாலனாகவே விளையாடிக்கொண்டிருந்தாள். "அல்லியைத் திரும்பக் கொண்டுவாடி, தைரியமா இரு" என்று நான் சொல்லவில்லை. பெண்களுக்குத் தைரியம் சொல்லிச் சொல்லி, செய்ய வேண்டியவர்களை நாம் தப்பவிட்டுவிடுகிறோம். அந்த முறையீட்டைக் கேட்டுச் சிரித்த குழுத் தலைவன் அந்த அசிங்கக்காரனை வெளியேற்றியிருக்க வேண்டும். பார்த்துக்கொண்டு சும்மா இருந்த மற்றவர்கள் வாய் திறந்திருக்க வேண்டும். புகார் கொடுக்கும் பொத்தானை வைத்த நிறுவனம், அதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டும். அத்தான் பாத்திரம் கழுவ வேண்டும்.

அது ஒன்றைத்தான் என்னால் உடனே செய்ய முடியும் என்று தோன்றியது. மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவள் கையிலிருந்த தட்டுகளை வாங்கி அவள் தம்பி கையில் கொடுத்தேன். மணி எட்டுதான் ஆகியிருந்தது. "போய் விளையாடு" என்றேன். "கூடத்துல உக்காந்து விளையாடு."