அழைப்பும் வருகையும்

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதாதவர் நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள். நன்றியுள்ள பிராணியாயிற்றே, கூப்பிட்டால் ஓடி வராமல் வேறென்ன செய்யும் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். கூப்பிட்டால் வராத நாய் ஒன்றோடு சில மாதங்கள் குடித்தனம் நடத்திய பிறகு என் அபிப்பிராயம் மாறிவிட்டது. அழைத்தும் நாய் வரவில்லையென்றால், குற்றம் பெரும்பாலும் அழைத்தவனுடையதே. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

டில்லியில் எங்கள் விடுதி வாசலில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. தமிழ் மாணவர்களுக்கு அது 'மணி'. வாயிற்காவலருக்குக் 'காலூ'. வங்காளச் சிநேகிதர்களுக்குப் 'புலு'. மூன்று பெயர்களையும் அது சமமாக மதித்தது. அதாவது, எதற்கும் திரும்பிப் பார்க்காது. பிஸ்கட்டு உறையின் சலசலப்புக்கு மட்டுமே அதன் காது நிமிரும். ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே, ஜன்னல் வழியாக, நம் ஊர் வழக்கப்படி 'தோ தோ' என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நாய் வரவில்லை. பரிமாறுகிறவர் வந்து என் தட்டில் இரண்டு சப்பாத்தியைப் போட்டுவிட்டுப் போனார். ஹிந்தியில் 'தோ' என்றால் இரண்டு என்றும், கொடு என்றும் பொருள்படும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, காப்பகங்களில் சேர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். சரியா, தவறா என்று விடுதியில் இரவு பகலாக வாதம் நடந்தது. இரு தரப்பிலும் சொல்வன்மைக்குக் குறைவில்லை. ஆனால் மணியை என்ன செய்வது என்று கேட்டால் இரு தரப்பும் மௌனம். அப்போது விடுதியை விட்டு வாடகை வீட்டுக்குக் குடிபோகவிருந்த நாங்கள் மூவர், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு, மணியையும் அழைத்துப் போனோம். அழைத்து என்றா சொன்னேன்? தவறு. தூக்கிக்கொண்டு போனோம்.

போன முதல் வாரத்திலேயே காரியம் கெட்டது. 'மணி, வா' என்று அன்பு ஒழுகக் கூப்பிட்டேன். வந்தது. பிடித்துக் குளிப்பாட்டினேன், அதுவும் டில்லிக் குளிரில். மறுநாள் 'வா' என்றேன். வந்தது. காதில் மருந்து விட்டேன். மூன்றாம் நாளும் 'வா' என்றேன். வந்தது. சங்கிலியில் கட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். நான்காம் நாள் 'வா' என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பிடிவாதக்கார நாய் என்று நான் வைதேன். அது பிடிவாதம் அன்று, கணக்கு. 'வா' என்ற சொல்லுக்கு அது தன் அகராதியில் பொருள் எழுதிக்கொண்டுவிட்டது: குளிர்ந்த தண்ணீர், காதில் மருந்து, கழுத்தில் சங்கிலி.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்க உளவியலறிஞர் தார்ன்டைக் 1898-இலேயே பூனைகளைப் பெட்டியில் அடைத்து, அவை வெளியேறக் கற்றுக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்து எழுதினார். நல்ல பலனைத் தந்த செய்கை மீண்டும் நிகழும், பலன் தராத செய்கை தேய்ந்து மறையும் என்பது அவர் கண்ட முடிவு. 'விளைவு விதி' என்று அதற்குப் பெயர். பரீட்சைக்கு அதை நெட்டுருப் போட்டவர்கள் நம்மில் பலர். வீட்டு நாயிடம் அதை நினைத்துப் பார்ப்பவர்கள்தாம் குறைவு.

ஒரு மாலை கதவு திறந்து கிடந்தது. மணி சாலைக்கு ஓடிவிட்டது. நான் 'வா, வா, வா' என்று கத்திக்கொண்டே துரத்தினேன். துரத்துவது நாய்க்கு ஒன்று விளையாட்டு, அல்லது அபாயம். இரண்டிலும் ஓடுவதே அதன் நியாயம். எதிரே ஆட்டோ ஒன்று வந்துகொண்டிருந்தது. நடுச் சாலையில் மணி ஒரு கணம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. போகலாமா, வேண்டாமா என்று அது யோசித்த அந்த ஒரு கணத்தை என்னால் மறக்க முடியவில்லை. முன்னங்கால் முறிந்தது; உயிர் தப்பியது. அந்தத் தயக்கத்தை அதற்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "வந்து சேர்ந்ததும் நாலு அடி வையுங்கள் தம்பி, அப்போதுதான் புத்தி வரும்." நம்மில் பலரும் இந்தக் கட்சிதான். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். நாய் ஓடியது ஐந்து நிமிஷத்துக்கு முன்பு, வந்தது இப்போது. இப்போது விழும் அடி எதற்கு என்று அது கொள்ளும்? ஓடியதற்கு அன்று, வந்ததற்கு. அடுத்த முறை அது இன்னும் தொலைவில் நின்றுகொள்ளும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், உங்கள் செருப்பைக் கடித்துக் குதறிவிட்டு வந்தாலும், வந்த நாயை வையக் கூடாது. கோபத்தை விழுங்கிக்கொண்டு தட்டிக்கொடுக்கத்தான் வேண்டும். இந்தப் பயிற்சியில் கடினமான பாடம் மனிதனுக்குத்தான்.

கால் கட்டு அவிழ்த்த பிறகு புதிதாகத் தொடங்கினோம். 'வா' என்ற சொல் கெட்டுப் போயிற்று; கெட்ட சொல்லைத் தேய்த்துக் கழுவுவதைவிடப் புதுச் சொல் எடுப்பது மேல். 'ஓடியா' என்று வைத்துக்கொண்டோம். வீட்டுக்குள் இரண்டடி தூரத்திலிருந்து ஒரே ஒரு முறை 'ஓடியா'. வந்த அந்த நொடியே வேகவைத்த கோழியில் ஒரு நகக்கண் அளவு துண்டு. சைவச் சிநேகிதரின் முறை வந்தால் பனீர். (சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் நாய்க்கு நஞ்சு, பாசத்தில் கொடுத்துவிடாதீர்கள்.) அறையில் தவறாமல் வந்த பிறகு தாழ்வாரம்; பிறகு மொட்டை மாடி; பிறகு பூங்காவில், பத்து மீட்டர்க் கயிறு கட்டி. அந்தக் கயிறு இழுப்பதற்கு அன்று, ஓடிவிடாமல் காப்பதற்கு. ஓரிடத்தில் தேறாமல் அடுத்த இடத்துக்குப் போவதில்லை. ஒன்றாம் வகுப்புத் தேறாதவனுக்கு யாராவது பட்டம் கொடுப்பார்களா?

சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை என்றும் விதி வைத்தோம். பத்து முறை கூப்பிட்டால், ஒன்பது முறை கூப்பிடும்வரை வராமல் இருக்கலாம் என்றுதான் நாய் கற்றுக்கொள்ளும். வரவில்லையென்றால் நாங்கள் எதிர்த் திசையில் ஓடினோம். அது எங்களைத் துரத்திக்கொண்டு வந்தது. விளையாட்டின் நடுவில் கூப்பிட்டு, துண்டைக் கொடுத்து, 'போய் விளையாடு' என்று திருப்பி அனுப்பினோம். எப்போதும் வீட்டுக்குக் கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டால், அழைப்பு என்பது ஆட்டத்தின் முடிவு என்று அதற்குத் தெரிந்துபோகும். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் கூப்பிடுவதே இல்லை. நாங்களே போய்க் கூட்டி வந்தோம். நன்றாகப் பழகிய பிறகு, ஒரு சமயம் கோழி, ஒரு சமயம் தட்டிக்கொடுத்தல், ஒரு சமயம் பந்து என்று கூலியை மாற்றினோம், அடியோடு நிறுத்தவில்லை.

இரண்டு மாதம் சென்று ஒரு நாள் காலை, பூங்காவில் அணிலைத் துரத்திப் பாதி தூரம் போன மணி, 'ஓடியா' என்றதும் திரும்பி நாலு கால் பாய்ச்சலில் என்னிடம் வந்தது. பட்டம் வாங்கினால்கூட எனக்கு அவ்வளவு பெருமை இராது. ஆனாலும் சாலையோரத்தில் இன்றும் சங்கிலி போட்டே நடத்திச் செல்கிறேன். எந்த நாயும் இயந்திரம் அன்று. நம் ஊர்ச் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களோ கண்ணால் கண்டதைத் துரத்தவே வளர்க்கப்பட்டவை. எதிரே முயல் ஓடும்போது அவற்றின் காதில் நம் குரல் ஏறுவது அரிது.

நாயன்பர்களுக்கு ஒரு வார்த்தை. மாடியிலிருந்து பிஸ்கட்டு வீசுவது எளிது. ஆனால் பக்கத்தில் வராத நாய்க்கு வலை வீசாமல் தடுப்பூசி போடுவது எப்படி? நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது அறுபடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கூப்பிட்டால் வரும் நாயே ஊசிக்கும் எளிதில் வரும். ஊசி போட்ட கையோடு நல்ல துண்டு ஒன்றும் கொடுத்தால், அடுத்த ஆண்டும் வரும். நாய்க்காக வாதாடுகிறவர்கள் நாளுக்குப் பத்து நிமிஷம் இந்தப் பாடத்துக்கு ஒதுக்கினால், அந்த வாதத்துக்கு வலுவும் கூடும்.

கடைசியாக ஒன்று. "சங்கக் கூட்டம் என்று அழைத்தால் ஒருவரும் வருவதில்லை" என்று நம் செயலாளர் சென்ற வாரம் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். சென்ற கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். இரண்டரை மணி நேரச் சொற்பொழிவு, ஆறிப்போன காப்பி, போதாததற்கு வராதவர்களைப் பற்றிய கண்டனத் தீர்மானம். அதுவும் வந்தவர்களின் காதில்! செயலாளர் நல்லவர், யோசிக்கிறேன் என்றார். அடுத்த கூட்டத்தில் சூடான வடை இருக்கும் என்று கேள்வி. நான் வருகிறேன்.