கோழிக்காகவும் அழலாம்

காலையில் கூடையைத் திறந்ததும் முதலில் ஓடிவந்த கோழி, சாயங்காலம் வேலியோரம் விறைத்துக் கிடக்கிறது. வீட்டுப் பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. "ஒரு கோழிக்குப் போயா அழுவாங்க? சந்தையில வேற வாங்கிக்கலாம்" என்று பெரியவர்கள் அதட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்த, மடியில் ஏறி அரிசி கொத்திய உயிருக்குச் சந்தையில் ஏது மாற்று?

வளர்த்தவரை அதிகம் வதைப்பது, 'நேற்றே கவனித்திருக்கலாமே' என்ற எண்ணம்தான். அந்தப் பழியை யாரும் தன்மேல் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பருந்துக்கும் கீரிக்கும் இரையாகும் பிறவி கோழி. தன் பலவீனத்தை முடிந்தவரை மறைத்தே வாழும். இறக்கை தொங்கி, மூலையில் ஒதுங்கி நிற்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். வெள்ளைக்கழிச்சல் கடுமையாகத் தாக்கினால், அறிகுறி தெரியுமுன்பே உயிர் போய்விடுவதும் உண்டு.

ஆகவே பிள்ளையை அழவிடுங்கள். உடலை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பெரியவர்கள் புதைக்கட்டும், பிள்ளை அருகில் நின்று ஒரு பூ போடட்டும். மறுநாளே புதுக் குஞ்சைக் கொண்டுவந்து பிள்ளையின் வாயை அடைக்காதீர்கள். துக்கத்துக்கும் அவகாசம் வேண்டும், கூண்டுக்கும் வேண்டும்: கழிச்சல் கிருமி எச்சத்தில் பல நாள் உயிரோடிருக்கும். மிஞ்சிய கோழிகளைப் பற்றி உடனே கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாமையும் தவறவிடாதீர்கள்.