ஹீட் பம்ப்பும் நம்ம இம்மர்ஷன் ராடும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. பொறுத்துக்குங்க.

1973 எண்ணெய் நெருக்கடியில சூடு பட்ட டென்மார்க்காரங்க, வீட்டைச் சூடு பண்றதுக்குன்னே 1979-ல தனிச் சட்டம் போட்டாங்க. இப்போ சுமாரா மூணுல ரெண்டு பங்கு வீடுகளுக்கு பைப்லயே சுடுதண்ணி வந்துடுது. பைப் போகாத பல வீடுகள்ல ஹீட் பம்ப். தீசிஸுக்காக பிராண்டேயில நான் குடியிருக்கற வீடும் அந்த ரகம்தான்.

ஹீட் பம்ப்னா நம்ம ஏசியைத் திருப்பி வெச்ச மாதிரி. வெளிக்காத்துல இருக்கற சூட்டை உறிஞ்சி உள்ள தள்ளும். ஒரு யூனிட் கரண்டுக்கு சுமாரா மூணு யூனிட் சூடு. கூடவே 'பேக்கப் ஹீட்டிங்'னு ஒண்ணு இருக்கும். பேர்தான் பெருசு, பக்கெட்ல போடற அதே இம்மர்ஷன் ராட்தான்! ஒரு யூனிட் குடுத்தா ஒரு யூனிட், அவ்ளோதான்.

எங்க வீட்டுக்காரப் பெரியவர் ராத்திரி தெர்மோஸ்டாட்டை நல்லா இறக்கிட்டு, போர்வைக்குள்ள நடுங்கிட்டுக் கிடப்பார். சிக்கனமாம். காலைல அஞ்சு டிகிரி ஏத்துவார். எண்ணெய் பாய்லர் காலத்துப் பழக்கம். பாய்லர் சடார்னு சூடேத்தும், பம்ப் மெதுவாத்தான் போகும். அவசரப்படுத்தினா ராடைத் துணைக்குக் கூப்பிட்டுக்கும். 6 கிலோவாட் ராட் ரெண்டு மணி நேரம் ஓடினா 12 யூனிட். அதே சூட்டை பம்ப் நாலஞ்சு யூனிட்ல குடுத்திருக்கும். நடுங்கினதும் மிச்சம், பில்லும் மிச்சம் (அதாவது கட்டவேண்டிய மிச்சம்).

என்னைக் கேட்டா, நாள் பூரா ஒரே அளவுல விட்டுடணும். ராட் மைனஸ் ஏழு, எட்டுக்குக் கீழ போனாத்தான் எட்டிப் பார்க்கணும். நிறைய மெஷின்ல இதை செட் பண்ணலாம். இங்க ஜனவரி சராசரியே பூஜ்யத்துக்கு மேல ஒண்ணு ரெண்டு டிகிரி. அந்த ஈரக்குளிர்ல வெளி யூனிட்ல பனி படியும், அப்பப்போ உருக்கிக்கும், ஆவி பறக்கும். அதைப் பார்த்து பயந்து ராடைப் போடாதீங்க.

அதுக்காக ராடைக் கழட்டவும் சொல்லல. 1982 ஜனவரில இந்த நாட்டுல மைனஸ் 31.2 வரைக்கும் போயிருக்கு. பம்ப் படுத்துட்டாலும் அதான் கதி. தொட்டித் தண்ணில பாக்டீரியா வராம அப்பப்போ 60 டிகிரி ஏத்தவும் பல மெஷின்ல அதான் உதவுது.

"காத்தாலைக் கரண்ட் கொட்டுது, சில மணி நேரம் விலையே நெகட்டிவ், ராடைப் போட்டா என்ன?"ன்னு கிளாஸ்ல ஒரு கோஷ்டி. காத்தாலை செய்யற ஊர்ல உக்காந்துட்டு இதை மறுக்கறது கஷ்டம்தான் :) ஆனா சந்தை விலை பூஜ்யம்னாலும் கம்பிக் கட்டணம் தனி. சாயங்காலம் 5-லேர்ந்து 9 வரை அது எகிறும். மலிவான நேரத்துல பம்ப்பை ஓட்டி தொட்டியை நிரப்புங்க, அது புத்திசாலித்தனம். காத்தே இல்லாத குளிர் ராத்திரில எல்லா வீட்டு ராடும் ஒண்ணா எரிஞ்சா கரண்டுக்கு எங்க போறது?

கனடா மக்களே, மைனஸ் 25-ல நீங்கல்லாம் எந்த டிகிரிக்கு செட் பண்ணியிருக்கீங்க?